படங்கு இறக்கிய பஸ்

பஸ் நின்றுகொண்டிருந்தது. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் தார்ப்பாய்ப் படங்கை இறக்கி, கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தோம். வெளியே பட்டப்பகல், ஆடி மாதத்து மழை. உள்ளே விளக்கு வைக்கிற நேரம்போல் ஓர் இருட்டு.

பின்சீட்டு மூலையில் நான் குந்தியிருந்தேன். எதிரே வாகனப் பரிசோதகர் கனகசபை ஐயா. அவர் கையில் பென்சில் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் நடுவே வெளிறிய மஞ்சளில் கொஞ்சம் குருணை. ஒரு முனையில் ரப்பர் பந்து. பந்தை அவர் அமுக்கி விடும்போதெல்லாம் பஸ்ஸுக்குள் இருந்த காற்று அந்தக் குருணை வழியாகப் போனது.

"மஞ்சள் மஞ்சளாவே இருந்தால் பயமில்லை," என்று முன்பே சொல்லியிருந்தார். "பச்சை அடிச்சால்தான் யோசிக்கவேணும்."

எங்கள் இருவருக்கும் நடுவில், வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் ஏறி உட்கார்ந்திருந்தார் ராமையா. செத்துப்போன குழந்தையின் தகப்பன். குழந்தைக்குத் தன் மனைவிதான் விஷம் கொடுத்தாள் என்று பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தவர்.

காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. மற்ற இடமெல்லாம் சில்லென்று கிடக்க, அந்த மூலையில் மட்டும் பலகை வெதுவெதுவென்று இருந்தது.

கொழும்பு வீதிகளில் லொறியையும் பஸ்ஸையும் மறித்து, புகைக்குழாயில் கருவி செருகி அளந்த காலத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். "இந்த வேலைக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். படித்து, பரீட்சை எழுதி வந்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் அந்த வேலைக்குள் ஏறியது இந்தப் பஸ்ஸின் பின்படி வழியாக.

சூடான சீட்டு

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. தோட்டத் தமிழர்களான எங்களுக்குப் பிரஜாவுரிமை போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பஸ்கள் எல்லாம் தனியார் கையில் இருந்த காலம்.

நான் பிறந்தது டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில். அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். கடைத்தெருவில் திரிந்து சிங்களம் பேசக் கற்றுக்கொண்டேன். அந்தப் பேச்சுதான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வழியாக ஹட்டன் போகும் பஸ்ஸில் கண்டக்டர்.

"மகன் கண்டக்டர் ஆயிட்டான்" என்று அப்பா லயம் முழுக்கச் சொல்லி வைத்தார். தோட்டத்தில் வேலை வாங்கும் உத்தியோகத்தருக்குக் கண்டாக்கு என்று பேர். கேட்டவர்களுக்குக் கண்டாக்கு என்றே காதில் விழுந்திருக்கிறது. முதல் தடவை லீவில் போனபோது இரண்டு கிழவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். தோளில் தொங்கிய டிக்கட் பையைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

எங்கள் பஸ் மரத்தால் கட்டிய பஸ். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. வெயிலென்றால் படங்கைச் சுருட்டிக் கட்டுவோம், மழையென்றால் இறக்கிவிடுவோம். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் படங்கு ஏறுகிற நாளே குறைவு.

அந்தக் குளிரில் பின்சீட்டு மூலைக்குத்தான் போட்டி. கீழே புகைக்குழாய் போகிற இடம் அது. பலகை சூடாக இருக்கும். கொழுந்து எடுத்து நனைந்து விறைத்த கால்களை அதன்மேல் வைத்துக்கொண்டால், ஹட்டன் வரும்வரை சொர்க்கம் என்பார்கள். பிள்ளைகாரிகளுக்கு அந்த மூலையை மற்றவர்கள் விட்டுக்கொடுப்பதும் உண்டு.

தலைச்சுற்று, வாந்தி எல்லாம் பஸ்ஸில் வழக்கம்தான். பாதை அப்படி. திரும்பாத இடமே இல்லை. எலுமிச்சங்காயை முகர்ந்துகொண்டே வருவார்கள், புளியை வாயில் அடக்கிக்கொள்வார்கள். எனக்கும் பொழுது சாய்ந்தால் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவேன்.

பஸ்ஸை ஓட்டியவர் பியதாச. கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்; என்னை 'மல்லி', தம்பி, என்றே கூப்பிடுவார். புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது, சத்தம் மாறிவிட்டது என்று முதலாளியிடம் அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"சத்தம் வந்தா என்னா? பஸ் ஓடுதுல்ல?" என்றார் முதலாளி. "மழ முடியட்டும், பாக்கலாம்."

மண் சரிந்த இடம்

நோர்வூட்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். தலையெல்லாம் நனைந்திருந்தது. குழந்தையை மட்டும் நனையவிடாமல் கம்பளித் துண்டில் சுற்றி அணைத்திருந்தாள்.

"றொசல்ல போகணுங்க அண்ணே. ஹட்டன்ல ரயில் புடிச்சிருவேனா?"

"புடிச்சிரலாம். ஆத்தா வீடா?"

"ஆமாங்க. பாப்பாவுக்குச் சளி. நெஞ்செல்லாம் கர்புருங்குது. ஆத்தாகிட்ட காட்டுனாச் சரியாயிரும்."

மீனாட்சி என்ற பெயர் அப்போது எனக்குத் தெரியாது. மூலையில் இருந்த கிழவி ஒருத்தி பச்சைக் குழந்தையைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தாள். மீனாட்சி துணிமூட்டையைக் கீழே வைத்து, குழந்தையை அதன்மேல் சாய்த்துக் கிடத்தினாள். பலகையின் சூடு பட்டதும் குழந்தை இருமலை நிறுத்தியது. அதைக் கண்டு அவள் முகத்தில் வந்த நிம்மதி எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

ஹட்டனுக்கு ஏறுகிற வழியில் ஒரு திருப்பத்தில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. ஒரு சவுக்கு மரமும் குறுக்கே விழுந்து கிடந்தது. ஆண்கள் எல்லோரும் இறங்கினோம். மண்வெட்டியும் கைக்கோடரியுமாகத் தோட்டத்து ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். பெண்களும் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்து, பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் போய் ஒதுங்கினார்கள். சளிப்பிடித்த குழந்தையை மழைக்குள் இறக்க மனமில்லாமல் மீனாட்சி உள்ளேயே இருந்துவிட்டாள்.

பியதாச இஞ்சினை நிறுத்தவில்லை. பெற்றரி கெட்டுப்போயிருந்தது. ஒருமுறை நிறுத்தினால் பத்துப் பேர் தள்ளினால்தான் மறுபடி உயிர் வரும். படங்கு இறக்கியபடி, பஸ் நின்ற இடத்தில் நின்று நடுங்கிக்கொண்டே இருந்தது.

பாதை திறக்க வெகுநேரம் ஆயிற்று. திரும்ப ஏறியபோது அவள் படங்கில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தது. நன்றாகத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஹட்டனில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

"ஏம்மா, ஹட்டன் வந்திருச்சு. ரயிலுக்கு நேரமாச்சு."

அசைவில்லை. தோளைத் தொட்டேன். அப்படியே சரிந்தாள். வாயில் நுரை. நான் குனிந்து குழந்தையை அள்ளினேன். கன்னம் இரண்டும் ரோஜாப்பூப்போல் சிவந்திருந்தன. உயிரோடு இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஸ்டாண்டில் நின்ற வாடகைக் காருக்கு ஓடும்போதுதான், அந்தத் தலை என் முழங்கையில் ஆடிய ஆட்டத்தில் எனக்கு விளங்கியது.

"பாப்பா எங்க?"

மறுநாள் பொலிஸார் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பஸ்ஸில் வந்த பெண் இவள்தானா என்று அடையாளம் காட்டவும், அவள் பேசுவதைச் சிங்களத்தில் சொல்லவும்.

வாசலில் ராமையா நின்றார். கண்கள் வீங்கியிருந்தன. நான் யாரென்று தெரியாமலே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அவளே சொன்னாளுங்க. லயமே கேட்டுச்சு. புள்ளைய டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோக நான் வரலேன்னு சண்ட. 'புள்ளையோட எங்கயாச்சும் விழுந்து சாகுறேன்'னு கத்திட்டுத்தான் எறங்கிப் போனா. சொன்ன மாதிரியே செஞ்சிட்டா. அவளத் தூக்குல போடணும்."

இதையே பொலிஸிலும் சொல்லியிருந்தார். மூட்டைக்குள் ஒரு சின்னப் போத்தலும் அகப்பட்டிருந்தது. ஓமமும் இஞ்சியும் போட்ட கஷாயம் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அது விஷப் போத்தல். கொழும்புக்குப் பரிசோதனைக்குப் போயிருந்தது. பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தானும் குடித்தாள், ஆயுசு கெட்டியானதால் தப்பிவிட்டாள் என்பது பொலிஸ் சார்ஜனின் கணக்கு.

கட்டிலில் கண் விழித்திருந்தாள். கால்மாட்டில் கான்ஸ்டபிள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"அண்ணே! கண்டக்டர் அண்ணே! பாப்பா எங்க? யாரக் கேட்டாலும் சிங்களத்துல என்னமோ சொல்றாங்க. பால் கட்டிக்கிட்டு வலிக்குதுண்ணே. பாப்பாவக் குடுக்கச் சொல்லுங்க."

கான்ஸ்டபிள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வார்டில் எழுந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

வெளியே வந்தபோது டொக்டர் நோனா என்னை நிறுத்தினார். சிங்களப் பெண்மணி. அதிகம் பேசாதவர்.

"பஸ்ஸுக்குள் யாராவது கரி அடுப்பு வைத்திருந்தார்களா?"

"இல்லை நோனா."

"அந்தக் குழந்தையின் இரத்தத்தின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை," என்றார். "மூடிய அறையில் கரி மூட்டிப் படுத்துச் செத்தவர்களிடம்தான் இப்படிச் சிவப்பைப் பார்த்திருக்கிறேன்."

பிறகு, "அந்தப் பஸ் இப்போது எங்கே?" என்று கேட்டார்.

பஸ் பொலிஸ் வளவுக்குள் நின்றது. அதை அப்படியே வைத்திருக்கச் சொல்லி, வாகனப் பரிசோதகருக்கும் தகவல் அனுப்பினார். மீனாட்சியை அதற்குள் விளக்கமறியல் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குழந்தையை அவள் பார்க்கவே இல்லை.

முதலாளியின் கேள்வி

கனகசபை ஐயா யாழ்ப்பாணத்தவர். மெலிந்த உடம்பு. வெள்ளைக் கால்சட்டையில் சேறு தெறித்தாலும் கவலைப்படாமல் பஸ்ஸுக்கடியில் தவழ்ந்துபோய்ப் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "புகைக்குழாய் சல்லடையாய்க் கிடக்குது," என்றார்.

"ஐயா, மலையில ஓடுற பஸ் எல்லாத்துலயும் ஓட்ட இருக்கும்," என்றார் முதலாளி. குடையைப் பிடிக்கத் தனியாக ஓர் ஆளோடு வந்திருந்தார். "அதுல யாரும் சாகல."

"ஓட்டை இருக்கிறது வேற, ஆள் இருக்கிற இடத்துக்கு அந்தக் காற்று வாறது வேற. அதைத்தான் அளக்கப்போறன்."

அப்போதுதான் அந்தக் கண்ணாடிக் குழாய்களை முதன்முதலில் பார்த்தேன். ஒரு சின்னப் பெட்டியில் பஞ்சுக்குள் படுத்திருந்தன. கொழும்பில் கெஞ்சி வாங்கி வந்தது, மிச்சம் கொஞ்சம்தான் என்றார்.

இஞ்சினை இயக்கினார்கள். மழை விட்டிருந்த நேரம். படங்கு சுருட்டியிருந்தது. பந்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். குருணை மஞ்சளாகவே இருந்தது.

முதலாளி சிரித்தார். "பாத்தீங்களா? அன்னைக்கும் இப்பிடித்தான். படங்கெல்லாம் சுருட்டித்தான் இருந்திச்சு. அந்தப் பொம்பள செஞ்ச பாவத்துக்கு என் பஸ்ஸு என்னா செய்யும்?"

வளவு வேலிக்கு வெளியே நின்ற கூட்டத்தில் ராமையாவும் இருந்தார். "விஷங்க அய்யா, விஷம்," என்று கத்தினார்.

கனகசபை ஐயா குழாயைப் பெட்டிக்குள் வைத்தார். மூடியை மூடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீர்தானே கண்டக்டர்? அண்டைக்குப் படங்கு சுருட்டியோ இருந்தது?"

முதலாளி என்னைப் பார்த்தார். சத்தமே போடவில்லை. பக்கத்தில் வந்து, நலம் விசாரிப்பதுபோல் கேட்டார்.

"சண்முகம், ஒங்கப்பன் இன்னும் டயகமயிலதான் இருக்கானா? அந்தத் தோட்டத்துப் பெரிய தொரை நம்ம வீட்டுக்கு வந்துபோறவரு, தெரியுமில்ல?"

தெரியும். துரை ஒரு வார்த்தை சொன்னால் தோட்டத்து வேலைப் பதிவில் அப்பாவின் பேர் வெட்டுப்படும். பேர் வெட்டுப்பட்டால் லயத்தில் நாங்கள் இருந்த ஒற்றை அறை, அந்தக் காம்பிரா, போய்விடும். காம்பிரா போனால், அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் தெருவில். ஊர் என்று திரும்பிப்போக எங்களுக்கு ஓர் ஊரும் இல்லை.

பியதாசவைப் பார்த்தேன். அவர் பானெட்டின்மேல் கை வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

எனக்குள் வேறு எதுவும் ஓடவில்லை. "பால் கட்டிக்கிட்டு வலிக்குதுண்ணே" என்ற அந்தக் குரல் மட்டும்தான்.

"இல்லீங்க ஐயா," என்றேன். "படங்கு எறக்கித்தான் இருந்திச்சு. மண் சரிஞ்சு பஸ் நின்னுக்கிட்டு இருந்திச்சு. இஞ்சின நிப்பாட்டல. அந்தப் பொண்ணும் புள்ளையும் பின்னால மூலையில இருந்தாங்க. நாங்க எல்லாரும் வெளிய இருந்தோம்."

முதலாளியின் ஆள் குடையைச் சாய்த்துவிட்டான். அதை அவர் கவனிக்கவில்லை.

"அவன் பொய் சொல்றான்!"

"இல்ல மாத்தயா," என்றார் பியதாச, தமிழிலேயே. நிமிர்ந்து நின்றார். "மல்லி சொல்றது சரி. பைப் மாத்தச் சொல்லி நான் உங்களுக்கு எத்தன தரம் சொல்லிச்சி?"

கனகசபை ஐயா பெட்டியை மூடினார். "அப்ப அதே இடத்துக்குப் போவம். அதே மாதிரி நிப்பாட்டுவம்."

பச்சை

இப்படித்தான் அந்தத் திருப்பத்தில், படங்கு இறக்கிய பஸ்ஸுக்குள் நாங்கள் இருந்தோம்.

பியதாச இஞ்சினை ஓடவிட்டுவிட்டு வெளியே போய் நின்றார். சார்ஜன் ஜீப்புக்குள் இருந்தார். ராமையா பின்படியில் ஏறியபோது ஐயா தடுத்தார். "முறைப்பாடு கொடுத்தவன்தானே, அவனும் பார்க்கட்டும்" என்று சார்ஜன் சிங்களத்தில் சொல்லிவிட்டார்.

நான் கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டப்போனேன். ஐயா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"உது இந்தக் காற்றை மறிக்காது. இதுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை இடிச்சால், கால் சோர்ந்தால் உடனே சொல்லும். வெட்கப்படாதையும்."

முதலில் கூரையருகே பிடித்தார். குருணை மஞ்சள்தான். முன்சீட்டருகே பிடித்தார். மஞ்சள்தான், ஆனால் கொஞ்சம் அழுக்கேறிய மஞ்சள். படங்கைக் கொஞ்சம் விலக்கி எல்லோரையும் வெளிக்காற்றில் நிறுத்தினார். பிறகு திரும்பவும் உள்ளே. நேரம் நகரவே இல்லை. மழை படங்கில் அறைந்த அறையில் இஞ்சின் சத்தமே அமுங்கிப்போயிருந்தது.

புதிய குழாய் ஒன்றின் முனைகளை உடைத்துப் பந்தில் செருகினார். "குழந்தை எங்க கிடந்தது?"

கை காட்டினேன். அவர் மண்டியிட்டு, பலகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் குழாயைப் பிடித்தார். பந்தை ஒருமுறை அமுக்கி விட்டார்.

குருணை பச்சையானது.

இன்னொருமுறை அமுக்கினார். தேயிலைக் கொழுந்தின் பச்சை முற்றி, முதிர்ந்த இலையின் கரும்பச்சையாக மாறியது. அதற்கு மேல் அவர் அமுக்கவில்லை. குழாயோடு கொடுத்திருந்த நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அட்டையின் கடைசிக் கட்டத்தையும் அது தாண்டியிருந்தது.

"அய்யா," என்றார் ராமையா. குரல் மெல்லியதாக இருந்தது. "அது என்னாங்க, பச்சையா மாறுது?"

"நச்சுக் காத்துங்க," என்றேன் நான். "கீழ குழாயிலருந்து வருது. அந்தப் பொண்ணு ஒண்ணும் குடுக்கல."

"எல்லாரும் இறங்குங்கோ. கெதியா!" ஐயா எழுந்தார். எழுந்தவர் தடுமாறிச் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

ராமையா இறங்கவில்லை. குனிந்து பலகையில் உள்ளங்கையை வைத்தார். அந்தச் சூட்டைத் தடவிப் பார்த்தார்.

"இங்கதான் படுக்க வச்சாளா?"

"எந்திரிங்கண்ணே. வாங்க."

"சூடா இருக்கு. புள்ளைக்குக் குளிருமேன்னு இங்க படுக்க வச்சிருக்கா." அப்படியே குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்தார். "நீங்க போங்க. எம்புள்ள எவ்வளவு நேரம் கெடந்திச்சோ அவ்வளவு நேரம் நானும் கெடக்குறேன்."

தோளைப் பிடித்து இழுத்தேன். சீட்டின் இரும்புக் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். ஐயா அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. வழக்கமாகப் பொழுது சாய்ந்தால் வருகிற அதே வலி. முழங்கால் என்னுடையதாக இல்லை. கத்த நினைத்தேன், வாய் வரவில்லை. இப்படித்தான் அவளுக்கும் இருந்திருக்கும் என்ற நினைப்பு மட்டும் எங்கோ தூரத்தில் வந்து போனது.

படங்கு கிழிகிற சத்தம் கேட்டது.

பியதாச கத்தியால் படங்கை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். மழையும் காற்றும் வெளிச்சமும் ஒன்றாக உள்ளே விழுந்தன. அவரும் சார்ஜனும் கிழிசல் வழியாகக் கையை விட்டு ராமையாவின் இடுப்பைப் பற்றி வெளியே இழுத்தார்கள். நான் எப்படி இறங்கினேன் என்பது தெரியாது. சேற்றில் உட்கார்ந்திருந்தேன். ஐயா ஒரு கையால் பின்படியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அந்தக் குழாயை உடையாமல் உயர்த்திப் பிடித்திருந்தார்.

ராமையா பாதையோரம் வாந்தியெடுத்தார். முகத்தை மழையில் கழுவிவிட்டுச் சார்ஜனிடம் தவழ்ந்தே போனார்.

"அய்யா, நான் சொல்லி நீங்க எழுதுனத அழிச்சிருங்க. அவ ஒண்ணும் செய்யல. அழிச்சிருங்க அய்யா."

"எழுதினதை அழிக்க முடியாது," என்றார் சார்ஜன். அதைத் தமிழில் சொல்லும்படி என்னைப் பார்த்தார். "கோர்ட்டுக்கு வந்து புதுசாகச் சொல்லச் சொல்லு."

கோர்ட்டு வாசல்

ராமையா வந்து சொன்னார். டொக்டர் நோனா இரத்தத்தைப் பற்றிச் சொன்னார். கனகசபை ஐயா பச்சைக் குழாயைக் காட்டினார். பியதாசவும் நானும் சாட்சி சொன்னோம். கஷாயத்தில் விஷம் இல்லை என்று கொழும்பிலிருந்தும் வந்துவிட்டது. நீதவான் மீனாட்சியை விடுவித்தார். முதலாளிமேல் வழக்கு வைத்தார்கள். அது இழுத்து இழுத்து, தண்டப்பணத்தோடு முடிந்தது.

பியதாசவுக்கும் எனக்கும் சாட்சி சொன்ன அன்றைக்கே வேலை போயிற்று. அப்பாவின் பேரைத் துரை வெட்டவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரிய மனிதர்களுக்கு எங்களை மறந்துபோவதும் உண்டு. அதனால்தான் சிலசமயம் பிழைத்துக் கிடந்தோம்.

கனகசபை ஐயா என்னைத் தம்மோடு வரச் சொன்னார். பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது. நாள்கூலிக்கு, வாகனங்களுக்கடியில் படுத்துக் குழாய் பார்க்கிற வேலை. மழைக்காலத்தில் வரிசையாகப் பஸ்களை மறித்தோம். படங்கை இறக்கி, பின்மூலையில்தான் முதலில் பிடிப்போம். பச்சை அடித்த பஸ் குழாய் மாற்றாமல் பாதையில் ஏறாது. கொழும்புக்கு அந்த வேலையோடுதான் போனேன்.

இதெல்லாம் பிறகு. அன்றைக்குக் கோர்ட்டு வாசலில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

மீனாட்சி வெளியே வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. ராமையா படிக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் போகவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை.

"மீனாட்சி..."

அவள் அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"புள்ளைய எங்க பொதைச்சீங்க?" என்று கேட்டாள்.

ராமையா கட்டிய கையை அவிழ்த்தார். "தோட்டத்துலதான். நான் காட்டுறேன்." பிறகு, "பஸ்ல போயிருவமா?" என்றார்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு நடக்கத் தொடங்கினாள். ஹட்டனிலிருந்து நோர்வூட்டுக்கு. நானும் பின்னால் நடந்தேன். அவர்களைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. அவள் முன்னே, ராமையா பத்தடி பின்னே. எதிரே பஸ் வந்தபோதெல்லாம் அவள் பாதையைவிட்டு இறங்கி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தப் புகை கலையும்வரை நின்றாள். தோட்டத்துக்குள் நுழைந்த பிறகு, பாதை பிரியும் இடங்களில் மட்டும் நின்று திரும்பிப் பார்ப்பாள். ராமையா கையைக் காட்டுவார். மறுபடி நடப்பாள்.

தேயிலை மலைக்குக் கீழே, ஆற்றுக்கு மேலே, சரிவில் இருந்தது அந்த இடம். மழையில் மண் கரைந்து மேடு பாதியாகியிருந்தது. அடையாளத்துக்கு ஒரு கல்.

"தல எந்தப் பக்கம்?"

"மேட்டுப் பக்கம்," என்றார் ராமையா. "தண்ணி நிக்காதுன்னு அப்பிடி வச்சோம்."

அவள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கரைந்த மண்ணை இரண்டு கையாலும் ஏந்தி ஏந்தி மேட்டில் வைத்து, அமுக்கிவிட்டாள். நெடுநேரம் அதையே செய்தாள்.

மழை மறுபடி பிடித்தது. ராமையா தன் தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியை எடுத்து, தயங்கித் தயங்கி, அவள் தலைக்கு மேலே பிடித்தார். அவள் அண்ணாந்து பார்த்தாள். கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

வாங்கி, அந்த மேட்டின்மேல் விரித்தாள்.